ஜாமில் நின்றால் முள் ஏறுகிறது: பழைய டிராவலர் வண்டி ஏன் கொதிக்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2002 மாடல் பஜாஜ் டெம்போ டிராவலர். கைமாறி வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, சின்ன அடுப்பு மேடை, 100 லிட்டர் தண்ணீர் டேங்க், இரண்டு பேட்டரி எல்லாம் போட்டுக் கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் பத்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. கும்மிடிப்பூண்டி பக்கம் 60-ல் ஓட்டினால் தானாக இறங்குகிறது. போன மாதம் ஏலகிரிக்குப் போனபோது ஆறாவது வளைவிலேயே தண்ணீர் கொதித்துக் கக்கிவிட்டது. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எடுத்துவிட்டார், சரியாகவில்லை. இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கணும் என்கிறார். இறக்கலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு இறக்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது தம்பி. வண்டி எங்கே சூடாகிறது, எங்கே ஆறுகிறது என்று சொல்லிவிட்டீர்கள். முப்பது வருடமாகத் திருவொற்றியூர் பக்கம் பட்டறையில் நிற்கிறேன். ஹீட் ஆகுது என்று வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் காற்றுப் பக்கம் பாருங்கள்: ஃபேன், பெல்ட், ஃபேன் கவர், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் அடைப்பு. நின்றால் சரியாக இருந்து, ஹைவேயில் 80-ஐத் தொட்டால் சூடு ஏறினால் தண்ணீர்ப் பக்கம்: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, பம்ப் தேய்மானம், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்திலேயே ரிசர்வ் பாட்டிலில் குமிழி அடித்தால், அப்போது ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம்.

ஏலகிரி கதை உங்களைக் குழப்பியிருக்கும். அதுவும் ஓடின வண்டிதானே என்று தோன்றும். மலையில் இரண்டாவது கியரில் 20-ல் போகிறீர்கள். இன்ஜின் முழுச் சக்தி போடுகிறது, எதிர்க்காற்று கிட்டத்தட்ட இல்லை. ஜாமில் நிற்பதும் மலை ஏறுவதும் ரேடியேட்டருக்கு ஒன்றுதான், ஃபேன் ஒருவனை நம்பித்தான் பிழைப்பு. அதிலும் மலை பல மடங்கு கொடுமை. அங்கே பதினான்கு வளைவு, நீங்கள் ஆறில் மாட்டினீர்கள். ஃபேன் அரைகுறை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, முதலில் அந்த வால்வு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வட சென்னையில் பாதி பழைய டீசல் வண்டிகளில் வால்வு இருக்காது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்று கழற்றி டூல் பாக்ஸில் போட்டுவிடுவார்கள். சில பழைய இன்ஜின்களுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. உங்கள் இன்ஜின் மெர்சிடிஸின் ஓஎம்616 டீசல் இன்ஜின் வழியில் வந்தது. அதில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் அடியில் இருக்கும் தட்டு பைபாஸ் வழியை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியை மூடும். நீங்கள் வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியைத்தான் பார்க்கும். ரேடியேட்டரைச் சுற்றி வராமல், கொதித்த தண்ணீரில் ஒரு பங்கு குறுக்கு வழியில் திரும்ப இன்ஜினுக்கே போய்விடும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய வால்வு சூட்டைக் கூட்டும். காலையில் இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கிறது, ஜாமில் மட்டும் கொதிக்கிறது என்றால் இதற்கும் பங்கு உண்டு.

புது வால்வு வாங்கியதும் அப்படியே மாட்டாதீர்கள். வீட்டில் பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அடியில் படக் கூடாது, பட்டால் பாத்திரத்தின் சூட்டைத்தான் காட்டும். வால்வின் மேலேயே டிகிரி குத்தியிருக்கும், பெரும்பாலும் 80-க்கும் 88-க்கும் இடையில். அந்தச் சூடு வந்ததும் மெதுவாக வாய் திறக்க ஆரம்பிக்கணும், தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்கணும். புது டப்பாவில் வந்ததே திறக்காமல் அடம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கணும். வால்வில் சின்ன ஓட்டையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது மேலே வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

இப்போது காற்றுக்கு வருவோம். நாளைக் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் செய்யக்கூடிய சோதனை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாக விடுங்கள். ஒரு தினசரித் தாளின் ஒரு பக்கத்தை எடுத்து முன்னால் கிரில்லுக்கு நேராகப் பிடித்துக் கையை விடுங்கள். ஃபேன் சரியாக இழுத்தால் தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நழுவி விழுந்தால் இழுப்பு போதாது. இன்ஜின் மூடியைத் திறந்து பார்க்கும்போது லுங்கி, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம். டிராவலரில் இன்ஜின் டிரைவர் பக்கத்திலேயே இருப்பதால் உள்ளே உட்கார்ந்தபடி எட்டிப் பார்க்கத் தோன்றும், கை பத்திரம்.

தாள் விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் தொளதொள என்று இருந்தால் வழுக்கும். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றிவிடுங்கள். பிறகு ஃபேன் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். இந்த இன்ஜினில் ஃபேன் பெரும்பாலும் வாட்டர் பம்ப் தலையிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் ஆட்டம் தெரிந்தால் பம்ப் பேரிங் போகிறது என்று அர்த்தம். பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளைக் கறையோ பச்சைக் கறையோ இருந்தால் சீல் கசிகிறது. நடுவில் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டி எண்ணெய் வழியாக ஃபேனைச் சுற்றவைக்கும் இணைப்பு) வைத்த ஃபேன் என்றால், சூடான இன்ஜினை நிறுத்தியதும் கையால் சுற்றிப் பாருங்கள். களிம்பில் சுற்றுவது மாதிரி தடை இருக்கணும். ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே போனால் உள்ளே இருந்த சிலிகான் எண்ணெய் போயாச்சு.

இங்கே ஒரு கதை. சில வருடங்களுக்கு முன் மணலியிலிருந்து ஒரு வேன் வந்தது. வேறொரு இடத்தில் பம்ப் மாற்றியிருக்கிறார்கள், அன்றிலிருந்து ஜாமில் சூடு. ரேடியேட்டர் புதுசு, பெல்ட் புதுசு, வால்வும் புதுசு. இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் இலையின் வளைவு கண்ணில் பட்டது. ஃபேனை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அப்படி மாட்டினால் காற்று எதிர்ப்பக்கம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், போகாது. சுழலும் திசை அதேதான், இலையின் சாய்வும் மாறாது, அதனால் காற்றும் அதே பக்கம்தான் வரும். ஆனால் இலையின் குழிந்த பக்கம் தவறான திசையைப் பார்ப்பதால் இழுப்பு குறைந்துவிடும். கையை வைத்தால் காற்று வருகிற மாதிரிதான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. நான்கு போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டதோடு வேலை முடிந்தது. நீங்கள் யாராவது சொல்லி எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருந்தால் அது வேறு கதை. அதில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் நிஜமாகவே எதிர்ப்பக்கம் சுற்றும்.

உங்கள் வண்டி கேம்பர் என்பதால் இன்னும் சில இடங்களைப் பார்க்கணும். முன்னால் ஸ்டெப்னி தொங்கவிட்டிருக்கிறீர்களா? பெரிய பம்பர் கார்டு, ஃபாக் லைட் வரிசை? ஏசி கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்ட வைத்திருக்கிறார்களா? ஒவ்வொன்றும் காற்றை மறைக்கும். இன்ஜின் சத்தம் உள்ளே வரக் கூடாது என்று மூடியைச் சுற்றி ஃபோம், தெர்மோகோல் ஒட்டியிருந்தால், ரேடியேட்டர் வழியாக வந்த சூட்டுக்காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுழலும். எடையும் கணக்குதான். தண்ணீர் மட்டும் 100 கிலோ, பேட்டரி, பலகை, சிலிண்டர், நான்கு பேர். ஆனாலும் எடையைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். இந்த வண்டி ஆள் நிறைய ஏற்றுவதற்காகவே செய்யப்பட்டது, 1987 முதல் ஓடுகிறது. கூலிங் சரியாக இருந்தால் இந்த எடைக்குச் சுணங்காது.

அடுத்து ரேடியேட்டர். வெளிப்பக்கம் முதலில். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அடிக்கடி போகிறீர்கள் என்றால் சாம்பல் தூசி, சாலை மண், கடற்காற்று உப்பு மூன்றும் சேர்ந்து தகடுகளுக்கு நடுவில் பிடித்துவிடும். பின்பக்கத்திலிருந்து, அதாவது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, வெறும் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக வைத்து அடித்தால் தகடு மடங்கி ரேடியேட்டர் கெட்டுவிடும். விரலால் தேய்த்தால் தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தால் கடற்காற்று தின்றுவிட்டது என்று பொருள். அதைக் கழுவிப் பயனில்லை.

உள்ளே இருப்பது நம் பகுதிக்கே உரிய தலைவலி. ரேடியேட்டரில் இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்று பழைய ஓனரைக் கேட்டீர்களா? நான் அடித்துச் சொல்கிறேன், போர் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறியது 1960களின் கடைசியிலேயே தெரிய வந்த விஷயம். அந்தப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில்தான் 2010-ல் கடல் தண்ணீரை நாளுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீராக்கும் ஆலை வந்தது. நாம் குடிக்க முடியாத தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறோம். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் பொருக்கு கட்டுமே, அதே பொருக்குதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும், சிலிண்டரைச் சுற்றியும் கட்டும். அது சூட்டைக் கடத்தாது. உப்பு தனியாக இரும்பை அரிக்கும், துரு தனியாக வந்து குழாயை அடைக்கும்.

அடைப்பு இருக்கிறதா என்று தெரிய ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் சூட்டையும் பாருங்கள். சூடு அளக்கும் கன் இருந்தால் நல்லது, ஆனால் ரப்பர் ஹோஸ் மேல் பிடியுங்கள். பளபளப்பான உலோகத்தில் பிடித்தால் குறைத்துக் காட்டும். மேலேயும் கொதி, கீழேயும் கிட்டத்தட்ட அதே கொதி என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை வாங்கவில்லை. மேலே கொதித்து, கீழே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தண்ணீர் சரியாக ஓடவில்லை. ரேடியேட்டரின் முகத்தில் கன்னை வரிசையாக நகர்த்தினால், ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடப்பது தெரியும். அந்தக் குழாய்களெல்லாம் அடைத்தவை. ஆனால் இந்தச் சோதனையை வால்வு மாட்டிய பிறகு செய்யுங்கள், இப்போது செய்தால் குழப்பும்.

அடைப்பு என்று தெரிந்தால், பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் டேங்கைக் கழற்றி ராடு விட்டுக் குத்தி, திரும்ப ஈயம் வைத்துப் பற்றவைப்பவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். செய்து முடித்ததும் பிரஷர் வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள், குமிழி வரக் கூடாது. அலுமினியம் கோர், பிளாஸ்டிக் டேங்க் என்றால் ராடு வேலை வேண்டாம், மாற்றிவிடுவது மேல். வீட்டு வைத்தியமாகக் காஸ்டிக் சோடா போடச் சொல்வார்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும், கிட்டேயே கொண்டு போகாதீர்கள்.

கூலண்ட் பற்றி ஒரு விஷயம். பாட்டிலில் பாதிக்குப் பாதி என்று போட்டிருப்பது உறைபனி நாட்டுக்கும் சேர்த்து. நமக்கு உறைகிற கவலை இல்லை. துருவைத் தடுக்கும் மருந்து போதுமான அளவு இருந்தால் சரி, அதனால் கெட்டிக் கூலண்ட் மூன்றில் ஒரு பங்கு, மீதி டிஸ்டில்ட் வாட்டர் என்று கலந்தால் நம் வெயிலுக்கு நன்றாகவே வேலை செய்யும். சுத்தத் தண்ணீர்தான் சூட்டை அதிகம் சுமக்கும், கூலண்ட்டைக் கெட்டியாக ஊற்றுவதால் குளிர்ச்சி கூடாது. ஏற்கெனவே கலந்து விற்பதை வாங்கினால் மறுபடி தண்ணீர் கலக்காதீர்கள். ஊற்றிய பிறகு காற்று அடைத்துக்கொள்ளும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இந்த ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் (அழுத்தத்தின் அளவு) மூடி ஒழுங்காகப் பிடித்தால் சுமார் 118 டிகிரிவரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 18 டிகிரி போச்சு, ஜாமில் முதலில் கக்குவது அந்த வண்டிதான். வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப் போயிருந்தால் மூடியின் உள் வால்வு அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து, அதே பார் எழுதிய புது மூடி. பழைய வண்டிக்கு அழுத்தம் கூடுதலான மூடி போட்டால் ஹோஸோ ஹீட்டர் பைப்போ வெடிக்கும்.

மீட்டரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இரவில் ஹெட்லைட் போட்டதும் முள் ஒரு கோடு ஏறினால் அது இன்ஜின் சூடு இல்லை, எர்த் வயர் பிரச்சினை. கேம்பருக்குப் புதிதாக வயரிங் இழுத்த வண்டிகளில் இது சகஜம்.

இப்போது உங்கள் கேள்விக்கு, ஹெட். அதற்கான சோதனைகள் எல்லாம் இலவசம், காலையில் குளிர்ந்த இன்ஜினில் செய்ய வேண்டியவை. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காற்றுக் குமிழி ஆரம்பத்தில் கொஞ்சம் வந்து நின்றால் பரவாயில்லை. நிற்காமல், ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் சிலிண்டர் கேஸ் தண்ணீரில் கலக்கிறது. மூடியை மாட்டி ஒரு நிமிடம் ஓட்டி மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் சூடாகும் முன்பே கல்லு மாதிரி இறுகினால் அதே அர்த்தம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு நிற்காமல் வந்தால் கூலண்ட் எரிகிறது. சில பட்டறைகளில் நீலத் திரவம் வைத்துச் சோதிப்பார்கள், ரேடியேட்டர் வாயில் எரிந்த கேஸ் வந்தால் நிறம் மாறும். இவற்றில் எதுவும் இல்லாமல், "ஹீட் ஆகுது, அதனால ஹெட்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏலகிரியில் கொதித்தபோது சேதம் ஆகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் இந்தச் சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். கேஸ்கெட் போய்விட்டது என்று உறுதியானாலும், ஃபேனைச் சரிசெய்யாமல் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் அடுத்த ஜாமில் திரும்ப அதே கதைதான்.

அதுவரை ஜாமில் மாட்டினால்: ஏசியை நிறுத்துங்கள், வண்டியில் ஹீட்டர் வேலை செய்தால் முழுசாகத் திருப்பி விடுங்கள், வேர்த்து ஊற்றினாலும் பரவாயில்லை. நியூட்ரலில் போட்டு ரேஸைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்தால் ஃபேனும் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் கழித்தும் மூடியைத் துணி போட்டு, கால் திருகு திருகி, சீறல் அடங்கிய பிறகே திறக்கணும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும், அப்போது அந்த இரண்டாவது மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஹெட் சோதனைகள், காசு இல்லாதது. அப்புறம் வால்வு, மூடி, பெல்ட் மூன்றும் சேர்த்து ஒரே நாளில். அதன்பின் முன்பக்கம் ஸ்டெப்னி இருந்தால் கழற்றிவிட்டு, தாள் சோதனை, ஹோஸ் சூடு. ரேடியேட்டர் வேலை அந்த முடிவைப் பார்த்து.

ஒன்றை விட்டுவிட்டேன். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருக்கும் ஃபேன் கவர் உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள். பழைய டிராவலர்களில் பம்ப் மாற்றும்போது கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் பக்கவாட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. பழைய கவர் கிடைக்கவில்லை என்றால் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள், இல்லையேல் தகர ஷீட்டில் அடித்துக் கொடுப்பார்கள். அளவு கொடுக்கும்போது ஃபேன் இலையின் அகலத்தில் பாதி கவருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கிற மாதிரி சொல்லுங்கள். இலை நுனிக்கும் கவருக்கும் ஒரு விரல் இடைவெளி, இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்த வண்டி என்றால் ஒன்றரை விரல்.